ராத்திரிச் சர்க்கரை

காலையின் முதல் சிறுநீரைப் பிடித்து, 5 மில்லி பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்த்த காலம் உண்டு. நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் கவலை. ஆனால் ரத்தத்தில் ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். 110 இருந்தாலும் 45 இருந்தாலும் அதே நீலம்தான். ராத்திரி பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்து 'லோ' ஆனதா என்று தவித்த தாய்க்கு, வியர்த்து நனைந்த தலையணையும் காலைத் தலைவலியும்தான் துப்பு.

பிறகு வீட்டுக்குக் குளுக்கோமீட்டர் வந்தது. காலையில் 240 காட்டினால் இன்னொரு சந்தேகம்: ராத்திரி தாழ்ந்து, அதை ஈடுகட்டப் போய் உடம்பு இப்படி ஏற்றிவிட்டதோ? மைக்கேல் சோமோஜி 1930-களில் முன்வைத்த விளக்கம் அது. '3 மணிக்கு எழுப்பி, விரலில் குத்திப் பாருங்கள்' என்றார்கள் டாக்டர்கள். கிடைத்தது ஓர் எண். 2 மணிக்கு என்ன, 4 மணிக்கு என்ன என்பது தெரியாது.

இன்று கையில் ஒட்டிய சென்சார் இரவு முழுவதையும் கோடாக வரைந்து தருகிறது. அந்தக் கோடுகள் சோமோஜியின் விளக்கத்தையே ஆட்டம் காணச் செய்துவிட்டன. இரவில் தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் குறைவாகவே இருக்கிறது. விடியற்காலை ஏற்றத்துக்கு வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசோலும் காரணமாகலாம்; இரவு போட்ட இன்சுலின் தீர்ந்துபோயிருக்கலாம்; நேரங்கழித்துச் சாப்பிட்டதாகவும் இருக்கலாம். 'ராத்திரி தாழ்ந்திருக்கும்' என்ற ஊகத்திலேயே இன்சுலினைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய செய்தி.

கோட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை. சர்க்கரை வேகமாக மாறும்போது ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் 50-க்குச் சரிந்ததாகப் பொய்யாக அலறும். புரண்டு படுத்ததும் சட்டென்று மேலே வந்துவிடும். மெல்ல இறங்கி, நெடுநேரம் 70-க்குக் கீழேயே கிடக்கும் கோடுதான் என்னைப் பயமுறுத்துவது. சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். வியர்வையும் நடுக்கமும் இருந்தால் முதலில் குளுக்கோஸைக் கொடுங்கள். ஒரே ராத்திரியைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றாதீர்கள். இரண்டு வார இரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எது வழக்கம், எது விலக்கு என்று டாக்டருக்கே புரியும்.

இரண்டு வாரத்தில் சென்சார் ஆயுள் முடிந்துவிடும். அடுத்ததற்கு மறுபடி ஆயிரக்கணக்கில் செலவு. எப்போதும் வாங்க முடியாதவர்கள், மருந்தை மாற்றும் சமயத்திலாவது ஒருமுறை ஒட்டிப் பார்க்கலாம். தினமும் இன்சுலினை நம்பி வாழும் டைப் 1 குழந்தைகளுக்கு அது போதாது. அவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் இதை இலவசமாகவே தர வேண்டும்.