சீனரின் நாற்சொல் தொடர்கள்

மலாக்கா மாநிலத்துப் பட்டணங்களில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஆயினும் சீனர் எடுத்தாளும் மரபுத்தொடர்கள் நம்மவருள் பலர்க்கு ஆங்கில அகராதிகளின் வாயிலாகவே அறிமுகமாகின்றன. அவை தரும் ஒருவரிப் பொருள் போதுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இத்தொடர்களைச் சீனர் 'செங்யூ' என்பர். பெரும்பாலானவை நான்கே எழுத்துகளால் ஆனவை. சீனத்தில் ஓரெழுத்து ஓரசையாய் ஒலித்து, பொருளும் தந்து நிற்பதால், நான்கெழுத்தை நான்கு சொல்லாகவே கொள்ளலாம். அவற்றுட் பலவற்றின் பின்னே ஒரு பழங்கதை மறைந்திருக்கும். 'இலவு காத்த கிளி' என்னும் நம் தொடரும் இத்தகையதே. கதை அறியாதார்க்கு அது வெறும் கிளியும் மரமுமே.

'ஜிங் தி ஜி வா' என்னும் தொடரை முதலில் காண்போம். கிணறு, அடி, உடைய, தவளை என்பன அதன் நான்கு சொற்கள். ஆங்கில அகராதி 'குறுகிய நோக்குடையவன்' என்று முடித்துவிடும். நமக்கோ கிணற்றுத் தவளை பழகிய உறவு. மலாய்க்காரர் அத்தவளையைக் கொட்டாங்கச்சியின் கீழ் வைப்பர். ஆனால், சுவாங்சி என்னும் சீன நூலின் கதையில் தவளை தனித்திருக்கவில்லை. கிழக்குக் கடலின் ஆமையிடம் தன் கிணற்றின் இன்பத்தைப் புகழ்ந்து, உள்ளே வருமாறு விருந்தழைக்கிறது. ஆமையின் இடக்கால் நுழையுமுன்னரே வலமுழங்கால் சிக்கிக்கொள்கிறது. பின்வாங்கிய ஆமை, பெருவெள்ளத்தால் உயராத, நெடுவறட்சியால் தாழாத கடலின் பெருமையை எடுத்துரைக்கத் தவளை திகைத்து நிற்கிறது. நம் வழக்கில் இத்தொடர் பெரும்பாலும் ஏச்சு. சீனக் கதையிலோ, அயலாரின் உலகைக் கேட்டறியும் வாயிலும் திறந்திருக்கிறது.

அடுத்தது, 'பாம்பு வரைந்து கால் சேர்த்தல்'. சூ நாட்டில் ஒரு கிண்ண மதுவுக்காகச் சிலர் தரையில் பாம்பு வரையும் போட்டி வைத்தனர். முதலில் முடித்தவன் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறே பாம்புக்குக் கால்களும் வரையத் தொடங்கினான். அதற்குள் மற்றொருவன் வரைந்து முடித்து, "பாம்புக்குக் கால் ஏது?" என்று கிண்ணத்தைப் பறித்துக் குடித்துவிட்டான். ஆங்கிலத்தில் இதற்கு 'லில்லி மலருக்குப் பொன் பூசுதல்' என்னும் தொடரை ஈடாகக் காட்டுவர். பொன் பூசுவது வீண் வேலை. கால் வரைந்தவனோ கைக்கு வந்ததையே இழந்தான். இழப்பு விடுபட்டால் பொருளிற் பாதி விடுபட்டதாகும்.

மூன்றாவது, 'நாற்றை இழுத்து வளர்த்தல்'. மென்சியஸ் கூறிய கதை இது. சோங் நாட்டு உழவன் ஒருவன், பயிர் வளரவில்லையே என்று கவன்று ஒவ்வொன்றையும் சிறிது மேலே இழுத்துவிட்டான். "இன்று பயிர் வளர உதவிக் களைத்தேன்" என்று வீட்டாரிடம் கூறினான். மகன் ஓடிச்சென்று பார்த்தபோது பயிரெல்லாம் வாடிக் கிடந்தன. 'பதறிய காரியம் சிதறும்' என்னும் நம் பழமொழி இதற்கு அண்மையது, முழுதும் ஒத்ததன்று. இவன் வெறும் பதற்றக்காரன் அல்லன். உதவுவதாக எண்ணியே கெடுத்தவன். ஏழு வயதுக் குழந்தையின் மேல் பத்து வயதுப் பாடத்தைச் சுமத்தும் பெற்றோரும் ஆசிரியரும் நினைக்க வேண்டிய கதை இது.

'மரம் வளர்க்கப் பத்தாண்டு, மனிதரை வளர்க்க நூறாண்டு' என்று சீனரிடையே ஒரு முதுமொழியும் உண்டு. ரப்பர்க் கன்று பால் சீவும் பருவம் எய்த ஐந்து முதல் ஏழாண்டு ஆகும் என்பதைத் தோட்ட மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வளவு பொறுமை மரத்துக்கு உண்டெனின், பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்!

நம் தொடக்கப்பள்ளிகளில் பழமொழியும் மரபுத்தொடரும் பாடமாக உள்ளன. பொருளை மனனம் செய்வித்தலோடு அமையாது, சொற்களைப் பிரித்துக் காட்டி, கதையைக் கூறி, அயல்மொழித் தொடரொன்றை அருகில் வைத்து, ஒப்புமையையும் வேற்றுமையையும் மாணவரையே சொல்லச் செய்யலாம். நாளை இடைநிலைப்பள்ளியில் சீன மாணவரோடு ஒரே வகுப்பில் அமரும் நம் பிள்ளைகளுக்கு அது நட்புக்கும் வழியாகும். தம் தாய்மொழித் தொடரின் நுட்பமும் அப்போதே தெளிவாகும்.