நாற்பது தண்டால் எடுத்தும் தசை வளரவில்லையே, ஏன்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற நிகழ்ச்சிக்குப் பிறகு கிள்ளானிலிருந்து ஓர் அன்பர் தொலைபேசியில் அழைத்தார். வயது 46. லாரி ஓட்டுநர். எடை 70 கிலோ. "ஐயா, இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் 40 தண்டால், 40 பஸ்கி எடுக்கிறேன். முதல் மூன்று மாதம் கை, கால் நன்றாக உரமேறியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் இரத்தம் சோதித்த டாக்டர், இனிப்பு நீர் ஆரம்பம் என்கிறார். தசையை வளர்த்தால் நல்லது என்றும் சொன்னார். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர வசதியில்லை. நான் என்ன தவறு செய்கிறேன்?" என்று கேட்டார்.

அவருடைய முயற்சியில் குறை ஒன்றுமில்லை. சுமையில்தான் மாற்றமில்லை.

தசை அழகுக்கு மட்டும்தானா?

தசை என்றாலே இளைஞர்களின் மோகம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். நாம் உண்ணும் சோறும் ரொட்டி சானாயும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கும்போது, அதில் பெரும்பகுதியை வாங்கிச் சேமித்து வைப்பது தசைதான். அந்தக் கிடங்கு சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே இது ஏறத்தாழ பத்தில் மூவர். எல்லா இனத்தவரிலும் நமக்குத்தான் அதிகம்.

முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு, கவனிக்காவிட்டால் தசை மெல்லக் கரைந்துகொண்டே போகும். தரையில் உட்கார்ந்தால் பிறர் கைகொடுத்துத்தான் எழ வேண்டும் என்ற நிலை ஒரே நாளில் வருவதல்ல. இருபது வருடமாக வருவது.

உடல் ஏன் நின்றுவிடுகிறது?

தண்டால் எடுக்கும்போது நம் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. நம் அன்பருக்கு அது சுமார் 45 கிலோ. முதல் நாள் அந்தச் சுமை உடலுக்குப் புதிது. நரம்புகள் தசையை நன்கு இயக்கக் கற்றுக்கொண்டன; தசையும் சற்றுப் பருத்தது. ஆனால் எழுநூறாவது நாளிலும் அதே 45 கிலோதான். உடல் சிக்கனமானது. இருக்கும் வேலைக்கு இருக்கும் தசை போதும் என்றால், மேலும் வளர்க்காது.

இதை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். காயம்பட்ட வீரர்களுக்கு அதுவரை எளிய பயிற்சியையே பலமுறை செய்யச் சொல்வார்கள். தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், கனமான சுமையைக் கொடுத்து, வலிமை கூடக் கூடச் சுமையையும் கூட்டினார். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அம்முறை எங்கும் பரவியது. நம் முன்னோர்களும் இதை அறிந்தவர்களே. கர்லாக்கட்டை சுழற்றுபவர் முதலில் சிறிய கட்டையைப் பிடிப்பார். அது கைவசப்பட்ட பிறகே பெரியதைத் தொடுவார்.

வீட்டிலேயே சுமை கூட்டுவது எப்படி?

பிள்ளைகளின் பழைய பள்ளிப்பை ஒன்று போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றரைக் கிலோ. இரண்டு போத்தல்களைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தால் மூன்று கிலோ. பழகிய பிறகு ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் வைக்கலாம். பை முதுகின் மேற்பகுதியில் இறுக்கமாக இருக்கட்டும், இடுப்புக்குச் சரியக்கூடாது.

தண்டால்: பையை மாட்டிக்கொண்டு, மூன்று விநாடி எண்ணி மெதுவாக இறங்கி, பிறகு எழுங்கள். அது எளிதானால் கால்களை உறுதியான நாற்காலியில் வையுங்கள்; கைகளுக்குச் சுமை கூடும். சாதாரணத் தண்டாலே கடினம் என்பவர்கள் முழங்காலை ஊன்றிச் செய்யலாம். அப்போது எடையில் பாதியளவே கைகளுக்கு வரும்.

பஸ்கி: பையை மார்போடு அணைத்து, நாற்காலியில் உட்காரப்போவது போல் இறங்கி எழுங்கள்.

இழுத்தல்: ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, முதுகை வளைக்காமல், மறு கையால் பையை இடுப்புவரை இழுங்கள். தண்டாலும் பஸ்கியும் மட்டும் செய்பவர்களுக்கு முதுகுத் தசைக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. இது அக்குறையைத் தீர்க்கும்.

ஒரு சுற்றில் 8 முதல் 15 முறை செய்ய முடிகிற சுமையைத் தேர்ந்தெடுங்கள். சுற்று முடியும்போது, இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்ற களைப்பு வர வேண்டும். மூன்று சுற்றிலும் 15 முறை முடிந்துவிட்டால், அடுத்த தடவை ஒரு கிலோ கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். தசை வளர்வது ஓய்வில்தான். ஆகவே இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

உணவும் எச்சரிக்கையும்

தட்டு நிறையச் சோறும் குழம்பும் மட்டும் இருந்தால் தசைக்கு மூலப்பொருள் கிடைக்காது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதம் நாள்தோறும் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. மீன், கோழி, பருப்பு, தவு, தெம்பே ஆகியவற்றை வேளைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், இனிப்பு நீரால் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் அனுமதியின்றிச் சுமை ஏற்றாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். இனிப்பு ஏதாவது அருகில் இருக்கட்டும். யாராயினும் மூச்சை அடக்க வேண்டாம். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மார்பு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

"எனக்கு வயதாகிவிட்டதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்திலிருந்த சுமார் 90 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குச் சுமைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறில் முடியுமென்றால் நாற்பத்தாறில் முடியாதா?

கிள்ளான் அன்பரே, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்றே பழைய பையைத் தேடி எடுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், பயிற்சி செய்த நாளில் சுமை எத்தனை கிலோ என்று எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் சோதித்துவிட்டு எங்களை அழையுங்கள். அந்த இரண்டு எண்களையும் கேட்கக் காத்திருக்கிறோம்.