கியர்ப்பெட்டி எண்ணெயும் பின்னச்சு எண்ணெயும்

மோட்டார் வண்டி வைத்திருப்போருள் எஞ்சின் எண்ணெயை மாற்ற மறப்போர் சிலரே. கியர்ப்பெட்டியிலும் பின்னச்சின் நடுவேயுள்ள டிஃபரென்ஷியலிலும் கிடக்கும் எண்ணெயை நினைப்போர் அவரினும் சிலர். எஞ்சின் எண்ணெய் கரியேறிக் கறுத்துத் தன் நிலையைத் தானே அறிவித்துவிடும். ஏனைய இரண்டும் எரிதல் நிகழாத கூடுகளுள் கிடத்தலின் பல்லாண்டு வாய் திறவா. எனினும், பற்சக்கரங்கள் தேயுந்தோறும் நுண்ணிய இரும்புத்துகள் அவற்றிற் சேர்ந்துகொண்டே யிருக்கும்.

உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்ற அம்பாஸிடர் வண்டியையே நோக்குவோம். எஞ்சினின் சுழற்சி நீண்டதொரு தண்டின் வழியே பின்னச்சை யடைந்து, அங்கே செங்கோணமாகத் திரும்பிச் சக்கரங்களுக்குச் செல்கின்றது. அதனைத் திருப்பும் சிறு பினியனும் பெரிய கிரவுன் சக்கரமும் ஹைப்பாய்டு என்னும் வகையின. பினியனின் நடுக்கோடு கிரவுனின் நடுக்கோட்டைச் சந்தியாது விலகிச் செல்லும். ஆதலின் பற்கள் ஒன்றன்மேலொன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அப்பொழுது உண்டாகும் பேரழுத்தத்தால் எண்ணெய்ப்படலம் பிழிந்து நீங்க, இரும்பை இரும்பே தேய்க்கும். இதனைத் தடுத்தற்குக் கந்தகமும் பாஸ்வரமும் அடங்கிய சேர்மங்களை அவ்வெண்ணெயில் இடுகின்றனர். அவை வெப்பமேறிய விடத்து உலோகத்தோடு கூடி மெல்லிய காப்புத்தோல் ஒன்றை உண்டாக்கும். கியர் எண்ணெயின் பொல்லா நாற்றம் இக் கந்தகத்தினதே. எள்ளின் நெய்க்கு அமைந்த எண்ணெய் என்னும் பெயர் இதற்கும் வழங்குவது சொற்களின் விந்தைகளுள் ஒன்று.

ஜி.எல்.5 எனக் குறிக்கப்பட்ட எண்ணெயில் இக் காப்புச் சேர்மம் மிகுதி. ஹைப்பாய்டுக்கு ஏற்றது அதுவே. ஜி.எல்.4-இல் ஏறத்தாழ அதிற் பாதியே உண்டு. மிகுதியாயின் நன்றன்றோ என்றெண்ணி முன்னதையே கியர்ப்பெட்டியிலும் ஊற்றுவோர் உளர். பழைய கியர்ப்பெட்டிகள் பலவற்றில் கியர்களை ஓசையின்றி இணைக்கும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை முதலிய செம்புக் கலவையால் ஆனவை. செம்பை அரித்தல் கந்தகத்தின் இயல்பு. வளையம் கெட்டபின், கியர் மாற்றுந்தோறும் பற்கள் கறகறவென முறையிடும். ஆகவே வண்டியின் கைந்நூல் எவ்வகை கூறுகின்றதோ அதனையே ஊற்றுக. கடைக்காரர் சொல் அதற்கு ஈடாகாதென்பது எம் துணிபு.

எண்ணெய் இளகி எளிதில் வடியுமாறு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து, சமதரையில் வலிய ஸ்டாண்டுகளின்மேல் மட்டமாக நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் படுத்தல் உயிரையே போக்கும். இனி, முதற்கண் திறக்க வேண்டுவது ஊற்றுதுளையின் அடைப்பையே. கீழடைப்பை முதலில் திறந்து எண்ணெய் முழுவதும் வடிந்தபின், துருவேறிய மேலடைப்பு அசைய மறுக்குமாயின், புதிய எண்ணெயைச் செலுத்த வழியின்றி வண்டி நின்ற விடத்திலேயே நிற்க வேண்டியதுதான். சிறியதொரு முறை, ஆயினும் இதனை அறியாது அல்லலுறுவோர் பலர்.

வடிந்த எண்ணெயை உற்று நோக்குக. மை போன்ற சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். பல்லின் துண்டு காணப்படின் கூட்டைப் பிரித்தே ஆகவேண்டும். பால்நிறம் நீர் புகுந்தமை காட்டும். ஓடிச் சூடேறிய பின்னச்சு வெள்ளநீரில் அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி மூச்சுத்துளை வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கீழடைப்பைப் புது வளையமிட்டு முடுக்கியபின், பின்னச்சில் ஊற்றுதுளையின் விளிம்பில் வழியத் தொடங்கும் அளவுக்கும், கியர்ப்பெட்டியில் கைந்நூல் குறிக்கும் மட்டத்துக்கும் எண்ணெய் ஊற்றுக. மிகுந்தால் அச்சு வழியே கசிந்து பிரேக்கிற் படும். மூச்சுத்துளை அடைபட்டாலும் அவ்வாறே நேரும். ஆதலின் அத் துளையையும் துடைத்து விடுக. பழைய எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாது, மூடிய தகரத்தில் சேர்த்துக் கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்க. மறுநாட் காலையில் வண்டியின் அடியில் துளி விழுந்துளதா என ஒருமுறை பார்த்தல் போதும்.