பம்பு செட்டுக்கும் வேண்டும் மின்கசிவுத் தடுப்பான்

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு வட்டாரங்களில் பாலாற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. நெல்லும் கரும்பும் கிணற்று மோட்டாரை நம்பியே விளைகின்றன. மின்சாரம் வந்ததும் இருட்டில் வெறுங்காலோடு சேற்றில் நடந்து, ஈரக்கையால் ஸ்டார்ட்டரைத் தொடுவது வழக்கமாகிவிட்டது. மோட்டாரில் கசிவு இருந்தால் அந்தத் தொடுகையே உயிரைப் பறித்துவிடும்.

"பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். பியூஸ் மோட்டாரையும் கம்பியையும் காப்பது, ஆளைக் காப்பதன்று. நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்கும் குறைவாகவே பாயும். 15 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கை விடாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து.

எர்த் கம்பி இருந்தால் போதாதா? கோடையில் காய்ந்த மண்ணில் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று இருந்தால், மோட்டார் உடலில் கசியும் மின்சாரம் 11.5 ஆம்பியர்தான். அப்போதும் பியூஸ் எரியாது. மோட்டாரின் உடல் மின்னேறியபடியே நிற்கும். தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய இப்பகுதியில் எர்த் கம்பி விரைவில் அரித்துப்போவது கூடுதல் தொல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைப்பைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. தோல் ஊரென்றாலும் நனைந்த தோல் செருப்பை நம்ப வேண்டாம்; காய்ந்த ரப்பர் செருப்பே மேல்.

மின்கசிவுத் தடுப்பானின் வேலை எளிது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே வளையத்தின் வழியே செல்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். வித்தியாசம் ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010-ல் வந்தன. 2023-ல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி இக்கருவி வீடுகளில் 30 மில்லி ஆம்பியருக்குள்ளும், மற்ற இடங்களில் 100-க்குள்ளும் துண்டிக்க வேண்டும். மும்முனை மோட்டாருக்கு நான்கு முனைக் கருவி தேவை. வாங்கும்போது ஐ.எஸ். 12640 முத்திரையைப் பார்க்கவும். அதிகச் சுமையை இக்கருவி கவனிக்காது. ஆகவே பியூஸையோ எம்.சி.பி.யையோ கழற்றிவிடக் கூடாது.

பழைய நீர்மூழ்கி மோட்டார்களில் இது அடிக்கடி விழுவதுண்டு. உடனே கருவியை விலக்கி நேராக இணைத்துவிடுகிறார்கள். அது கருவியின் குறை அல்ல. கேபிள் மூட்டிலோ வைண்டிங்கிலோ ஈரம் இறங்கியிருக்கிறது என்பதன் அடையாளம். உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மெக்கர் வைத்துச் சோதிக்க வேண்டும். வீட்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனிக் கருவி வைத்தால், ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும்.

கருவியின் முகப்பில் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்திப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றிவிடவும்.