சம்பந்தியம்மாவுக்கு ஒரு கோஸ் கடைசல்



"வெளிநாட்டுச் சம்பந்தி வீட்டார் வந்து ஒரு மாதம் தங்கப் போகிறார்கள், காரமில்லாமல் என்னதான் சமைத்துப் போடுவது?" என்று ஈரோடு சகோதரி ஒருவர் இப்பகுதியில் கேட்டிருந்தார். நூடுல்ஸ், பாஸ்தா, சாண்ட்விச் என்று பலரும் பதில் எழுதியிருந்தார்கள். தப்பில்லை. ஆனால் அதெல்லாம் ஓட்டல் பண்டம். உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது எந்த ஊர்க்காரருக்கும் ஓட்டல் பண்டம் ஞாபகத்துக்கு வராது. அம்மா கடைந்து ஊட்டியதுதான் வரும். என் சம்பந்தியம்மா அயர்லாந்து நாட்டில் கார்க் என்ற ஊர்க்காரர். அவர் வீட்டுச் சமையலை நம் அடுப்பில் செய்வது எப்படி என்று எழுதுகிறேன். அந்தச் சகோதரிக்கு உபயோகப்பட்டால் சந்தோஷம்.

முதலில் ஒரு விஷயம். ஐரிஷ் சமையல் என்றதும் மிரள வேண்டாம். உருளைக்கிழங்கு, கோஸ், வெங்காயம், பால், வெண்ணெய், மோர், கோதுமை மாவு. இவ்வளவுதான் அதன் மளிகைச் சீட்டு. ஆட்டுக்கறி கிடைத்த அன்று கறி, கிழங்கு, வெங்காயம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு மெதுவாக வேக விடுவார்கள். அதுதான் ஐரிஷ் ஸ்டூ. மற்ற நாளெல்லாம் கிழங்குதான். ஏழை வீட்டுச் சாப்பாடு. நமக்குக் கம்மஞ்சோறும் கூழும் எப்படியோ, அவர்களுக்கு அப்படி.

உருளைக்கிழங்கு அவர்களுக்கும் சொந்தச் சரக்கு அல்ல, நமக்கும் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. நம் பக்கம் அதை நீலகிரியில் பயிரிட வைத்தவர் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். 1819ல் கோத்தகிரிக்கு ஏறிப் போன அவர்தான் உருளை, கோஸ், கேரட் எல்லாவற்றையும் மலையில் போட்டுப் பார்த்தவர். இன்றைக்கும் ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்துதான் நம் கைக்கு வருகிறது.

ஆனால் நமக்குக் கிழங்கு பொரியல். அவர்களுக்கு அதுதான் சோறு. அந்தக் காலத்தில் அங்கே உழைக்கிற ஆள் ஒருவர் நாளைக்கு 5 கிலோவுக்கும் குறையாமல் கிழங்கு தின்று, மோர் குடித்து வாழ்ந்திருக்கிறார். 1845ல் கருகல் நோய் வந்து, பூமிக்குள்ளேயே கிழங்கு அழுகிப் போனது. தொடர்ந்து சில வருஷப் பஞ்சம். 80 லட்சத்துக்குச் சற்று மேல் ஜனங்கள் இருந்த நாட்டில் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கும் மேலானவர்கள் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷங்களிலும் அங்கிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்கு முதலில் பணம் திரட்டி அனுப்பிய ஊர்களில் நம் கல்கத்தாவும் ஒன்று.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் இருக்கிறது. என் மகள் அங்கே வேலைக்குப் போன இடத்தில் அந்த ஊர்ப் பையனையே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டோம். என் மாமியார் தேறவில்லை. 84 வயது. நான் அத்தை என்று கூப்பிடுவேன். பேத்தி போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கறேன்னு சொல்லு" என்று என்னிடமே சொல்லி அனுப்புவார். பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த எல்லோரும் வந்தபோது, சம்பந்தியம்மாவும் கூட வந்தார். அத்தை கும்பிடு போட்டதோடு சரி. பந்தியில் பக்கத்தில் உட்காரவில்லை.

விசேஷம் முடிந்த மூன்றாம் நாள் சம்பந்தியம்மாவுக்கு வயிற்றுக்கு முடியாமல் போய்விட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், சரியானது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இளநீரும் பிஸ்கட்டுமாக இரண்டு நாள். இட்லியைப் பார்த்தாலே முகம் திரும்பியது. மூன்றாம் நாள் காலை ரூமில் தனியாக அழுது கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

மகளிடம் கேட்டேன், உங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன செய்து தருவார் என்று. "கோல்கானன்" என்றாள். பேர்தான் ஒரு மாதிரி. செய்முறையைக் கேட்டால், நம் கீரை கடைசலுக்கு ஒன்றுவிட்ட தங்கை!

செய்கிற விதம் இதுதான். கிழங்கு அரைக் கிலோ, கோஸ் கால் கிலோ, பால் அரை டம்ளர், வெண்ணெய் 50 கிராம், வெங்காயத் தாள் நாலு, மிளகுத்தூள், உப்பு. கிழங்கு மாவுக் கிழங்காக இருக்க வேண்டும். புதுக் கிழங்கு கொழகொழவென்று வரும். பழசுதான் மாவாக உதிரும். சந்தேகமாக இருந்தால் 11 பங்கு தண்ணீரில் 1 பங்கு உப்பைக் கரைத்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. மிதந்தால் அது குழம்புக்கு ஆகும். பச்சை நிறம் ஏறியதையும் முளை விட்டதையும் ஒதுக்கிவிடுங்கள்.

தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்து, நீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிஷம் அடுப்பில் வைத்து ஈரம் போக்க வேண்டும். சூட்டோடு தோலை உரித்து மத்தால் மசிக்க வேண்டும். மிக்ஸி பக்கமே போகாதீர்கள். கிழங்கு பசை மாதிரி ஆகிவிடும். கோஸை மெல்லிசாக அரிந்து, மூடாமல் ஏழெட்டு நிமிஷம் வேகவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். பாலைக் காய்ச்சி, அரிந்த வெங்காயத் தாளை அதில் போட்டு, மணம் இறங்கியதும் கிழங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கடைய வேண்டும். கோஸ், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கிளறி, தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து வெண்ணெயை வையுங்கள். ஓரத்திலிருந்து எடுத்து, உருகிய வெண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கார்க் ஊர் ஒரு காலத்தில் உலகத்துக்கே வெண்ணெய் ஏற்றுமதி செய்த ஊராம். இப்போது அங்கே வெண்ணெய்க்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நான் வைத்தது ஊத்துக்குளி வெண்ணெய். நம்ம ஊர் மானம் போகவில்லை.

சம்பந்தியம்மா ஒரு வாய் எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டு காலியானது. அதற்குள் சமையலறை வாசலில் அத்தையின் கைத்தடிச் சத்தம். "ஏனம்மிணி, இதென்னது, கெழங்கையுங் கோசையும் போட்டுக் கடைஞ்சு வெச்சிருக்கறே?" பல் இல்லாதவர். "சாப்பிட்டுப் பாருங்க அத்தை" என்று ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். "சீரகம் போட்டிருந்தா இன்னுங் கொஞ்சம் தேவலை" என்றார். இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயந்திரம் திண்ணையில் மகளை நடுவில் உட்கார வைத்து, கிழங்குப் பஞ்சத்தைப் பற்றிச் சம்பந்தியம்மா சொல்லச் சொல்ல, அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் தாது வருஷத்தைப் பற்றிச் சொன்னார். 1876ல் மழை பொய்த்து நம் கோவை, சேலம் ஜில்லாக்கள் எல்லாம் தவித்த பஞ்சம். தன் பாட்டி சொன்ன கதை: கிழங்குக்கும் வேருக்கும் காட்டைத் தோண்டியது, பிள்ளையைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் போனது. அப்போதும் தானியம் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. மகள் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து அலுத்துவிட்டாள். கடைசியில் அத்தை, "அவங்க ஊட்டுலயும் நம்மாட்டவே தான் இருந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, பேத்தியின் தலையைத் தடவினார். கல்யாணத்துக்குப் பிறகு அது முதல் தடவை.

சரி, சமையலுக்கு வருவோம். அங்கே அக்டோபர் 31 அன்று இந்தக் கடைசலுக்குள் மோதிரம் ஒன்றை ஒளித்து வைப்பார்களாம். யார் தட்டில் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்தது சோடா ரொட்டி. ஈஸ்ட் தேவையில்லை. மைதாவும் கோதுமை மாவும் பாதிப் பாதியாக 250 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், புளித்த கெட்டி மோர் ஒரு டம்ளர். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் நுரைத்து மாவைத் தூக்கிவிடும். அதனால் பிசைந்து கொண்டு நிற்கக் கூடாது. சேர்த்தோம், உருட்டினோம், மேலே சிலுவை மாதிரி கீறினோம் என்று அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அவன் இல்லாதவர்கள், குக்கரில் கேக் செய்வது போல அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிஷம் காய வைத்து, தட்டை உள்ளே இறக்கி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். தட்டிப் பார்த்தால் 'டொக்'கென்று காலிச் சத்தம் வர வேண்டும். அங்கேயும் பழைய காலத்தில் இரும்புச் சட்டியில் வைத்து, மூடி மேலும் நெருப்புத் துண்டு போட்டுத்தான் சுட்டிருக்கிறார்கள்.

"நாங்கள் சைவம், எங்களுக்கு ஆகுமா?" என்பவர்களுக்கு: மேலே சொன்ன இரண்டும் முழுக்கச் சைவம்தான். அடையாறில் 1917ல் இந்திய மாதர் சங்கம் தொடங்கப் பாடுபட்ட மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் அயர்லாந்தில் பிறந்தவர். அங்கே இருக்கும்போதே சைவமாக மாறியவர்.

சர்க்கரை உள்ளவர்கள் கிழங்கைப் பாதியாக்கி, கோஸை இரண்டு பங்காக்கிக் கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பு இருந்தால் கடையில் விற்கும் உப்பு வெண்ணெய் வேண்டாம்.

மீந்த மசியலை மறுநாள் வீணாக்காதீர்கள். ஒரு பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து அதோடு சேர்த்து, இரண்டு கரண்டி மைதா, ஒரு சிட்டிகை சோடா, மோர் விட்டு அடை மாவுப் பதத்தில் கரைத்துக் கல்லில் ஊற்றினால் 'பாக்ஸ்டி'. அவர்கள் வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் பொட்டுக்கடலைச் சட்னி வைத்தோம். ஊருக்குப் போன சம்பந்தியம்மா எழுதிய முதல் கடிதத்தில் கேட்டிருந்தது அந்தச் சட்னிக்கு எத்தனை மிளகாய் என்றுதான்.

- ஒரு வாசகி,
ஆர்.எஸ்.புரம், கோவை-2