சாயம் ஒட்டவில்லை என்றால் போதுமா?

ஈரக் கைக்குட்டையால் துணியை நாலு தேய் தேய்த்து, சாயம் ஒட்டவில்லை என்றால் பேலைத் தூக்கு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வெளிநாட்டிலிருந்து வரும் பாலியஸ்டர், நைலான் ஆடைகளுக்கு அந்தச் சோதனை உதவாது. சாயம் நிற்கிறதா என்பதல்ல, அது எந்தச் சாயம் என்பதே அங்கே கேள்வி.

மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தீபாவளி நெருங்கினால் வாசலில் கயிறு கட்டி நைட்டியும் குழந்தை கவுனும் டிராக் பேண்ட்டும் தொங்கவிடாத மளிகைக் கடை நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது?

பாலியஸ்டருக்கு ஏற்றுவது டிஸ்பர்ஸ் சாயம். தண்ணீரில் எளிதில் கரையாது. கடும் சூட்டில் இழைக்குள்ளேயே ஏறிவிடும். கைக்குட்டையில் ஒட்டாததற்கு அதுவே காரணம். இவற்றில் பல அஜோ வகையைச் சேர்ந்தவை. அஜோ என்ற பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டியதில்லை. அவற்றில் சில மட்டும் உடைந்து பென்சிடின் போன்ற புற்றுநோய்ப் பொருள்களை வெளிவிடும். ஜெர்மனி 1994-இல் இவற்றைத் தடை செய்தபோது திருப்பூரும் கரூரும் பட்ட பாடு மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். நம் அரசும் 1993-இல் 42 பென்சிடின் சாயங்களையும், 1997-இல் 70 அஜோ சாயங்களையும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்தது. ஆக 112.

உள்ளூர்ச் சாயப்பட்டறைக்குத் தடை, வெளிநாட்டு ஆடைக்குத் திறந்த கதவு என்று இருக்க முடியாதல்லவா? 2001 ஏப்ரல் 1 முதல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் இந்தக் கேள்வி பெரிதாயிற்று. ஆகவே, தடை செய்யப்பட்ட சாயம் இல்லை என்று சரக்கு கப்பலேறும் முன்பே பெற்ற சான்றிதழ் உடன் வர வேண்டும் என்பது விதி. அதைத் தருவது, சரக்கு உற்பத்தியான நாட்டின் தேசிய அங்கீகார அமைப்பு ஒப்புக்கொண்ட பரிசோதனைக் கூடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்க இலாகா சாம்பிள் எடுத்து இங்கே சோதனைக்கு அனுப்பும். முடிவு வந்தபின்தான் சரக்கு வெளியே வரும்.

இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம். 2003-இல் குழந்தைகளுக்கான பாலியஸ்டர் கவுன் ஒரு கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. தீபாவளிக்கு 5 வாரம் இருந்தது. சான்றிதழும் இருந்தது, முத்திரை எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது சரக்கு அனுப்பியவரின் சொந்தத் தொழிற்சாலைக் கூடத்தில் அடித்த காகிதம். அங்கீகார எண் எங்கே என்று அதிகாரி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கறுப்பிலும் கரும்சிவப்பிலும் சாம்பிள் எடுத்துப் போனார்கள். 26 நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: சரக்கில் ஒரு குற்றமும் இல்லை! என்ன பயன்? தீபாவளிக்கு 9 நாள்தான் மிச்சம். வெளியூர்க் கடைக்காரர்கள் கொள்முதலை முடித்துப் பூஜையும் போட்டுவிட்டார்கள். டெமரேஜ் ஒரு பக்கம், வங்கி வட்டி ஒரு பக்கம். கவுன்களைப் பொங்கல் வரை கிட்டங்கியில் வைத்து, அசலுக்கும் கீழே தள்ளினோம்.

சான்றிதழின் நகலை ஃபேக்ஸில் வரவழைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது எங்கள் தவறு. அதிகாரியைக் குறை சொல்ல நியாயமில்லை.

ஒரு சலுகையையும் சொல்ல வேண்டும். அதே இறக்குமதியாளர், அதே சப்ளையர், அதே நாடு, அதே தரச் சரக்கு என்றால் ரிப்போர்ட் 6 மாதம் செல்லும். மறு லாட்டை அப்படித்தான் எடுத்தோம். இடையில் வேறொரு பார்ட்டி கிலோவுக்கு விலை குறைத்துக் கேட்டுப் பார்த்தார். ஆள் மாறினால் ரிப்போர்ட் செல்லாது என்பதால் வேண்டாம் என்று விட்டோம்.

பாதையிலும் கவனம் தேவை. 2025 மே 17 அன்று வந்த அறிவிப்பின்படி வங்கதேச ஆயத்த ஆடைகளுக்குத் தரைவழி மூடப்பட்டது. நவசேவா, கொல்கத்தா கடல் துறைமுகங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அந்தத் தேதிக்குப்பின் லாரியிலேயே எல்லை தாண்டி வந்த சரக்கு என்று எவரேனும் மலிவு விலை சொன்னால், எந்தத் துறைமுகம், எந்த பில் ஆஃப் என்ட்ரி என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சில்லறைக் கடைக்காரர் சாயச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டாம். அது இறக்குமதியாளர் பொறுப்பு. ஆனால் பையில் அடைத்து வரும் ஆடையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, அளவு, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, புகார் சொல்லும் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கை விற்றால் எடையளவு அதிகாரி முதலில் பிடிப்பது கடையில் நிற்பவரைத்தான். பில் இல்லாமல் வாங்கியிருந்தால், யாரிடம் வாங்கினேன் என்று காட்டவும் வழியிருக்காது.

2003-இன் அந்தச் செல்லாத சான்றிதழை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதையும், பிறகு வாங்கிய சரியான சான்றிதழையும் கொண்டு வருகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்பும் அன்பர்கள் சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள்.