இளைப்பு நோயும் உடலின் காவற்படையும்

கணபதியிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் வடக்கே செல்வோர், தரிசுகளில் வெண்பூக்களுடன் அடர்ந்து நிற்கும் பார்த்தீனியம் செடியைக் கண்டிருப்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950-களின் நடுவில் புனா நகரில் கண்டறியப்பட்ட இச்செடி, இன்று நாடெங்கும் பரவியுள்ளது. இதன் மகரந்தம் சிலருக்கு இளைப்பு நோயை, அதாவது ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. வீட்டுத் தூசியிலுள்ள நுண்ணிய உண்ணிகளும் அவ்வாறே செய்கின்றன. ஒருவருக்குத் தீங்கு செய்யாத தூசி மற்றொருவரைத் திணறச் செய்வது ஏன்?

வெள்ளை அணுக்கள் நம் உடலின் காவற்படையாகும். கிருமிகளை எதிர்ப்பது அவற்றின் கடமை. ஒவ்வாமை உள்ளவரிடம் இப்படை மகரந்தத்தையும் பகையெனக் கொண்டுவிடுகிறது. அதனால் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருள் உண்டாகி, மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் அணுக்களின்மீது ஒட்டிக் காத்திருக்கிறது. 1966-இல் இப்பொருளை வெளிப்படுத்தியவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியர் ஆவர்.

அதே மகரந்தம் மீண்டும் புகுந்தால், சில நிமிடங்களில் மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. குழாயைச் சூழ்ந்த தசை இறுகுகிறது. சில மணி நேரம் கழித்து ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் திரள்கின்றன. புழுக்களை அழிக்கவல்ல அவற்றின் நச்சுப் பொருள்கள், குழாயின் உட்சுவரையே புண்ணாக்குகின்றன. சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. பின்னர் அடுப்புப் புகையும் குளிர்காற்றுமே இளைப்பை எழுப்பிவிடும். எல்லா நோயாளிகளுக்கும் இதே காரணம் என்பதில்லை; எனினும் பலருக்கு நேர்வது இதுவே.

"மூச்சு சீரானபின் மருந்து எதற்கு?" என்று கிராமங்களில் பலர் கேட்கின்றனர். மடையைத் திறந்தால் மட்டும் போதுமா? வாய்க்காலில் சேறு நிறைந்திருந்தால் நீர் பாயாதன்றோ! உடனடி நிவாரண மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தணிக்காது. வீக்கத்தைத் தணிப்பது, மருத்துவர் அளவிட்டுத் தரும் உறிஞ்சு ஸ்டீராய்டு மருந்தேயாகும். அதை ஒழுங்காகக் கையாள வேண்டும். தானாக நிறுத்துதல் ஆபத்து. அம்மருந்து பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டுவதில்லை.

இளைப்பு தொற்றுநோய் அன்று. ஆகவே நோயாளியை ஒதுக்குதல் தகாது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள், பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு களைய ஏற்பாடு செய்யலாம். களைவோர் கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் அவசியம். இளைப்புள்ளவரை இப்பணியில் ஈடுபடுத்தலாகாது. குப்பையை எரிப்பதையும் தடுத்தல் வேண்டும். ஊரார் மூச்சைக் காப்பதும் ஊராட்சியின் கடமையே.